கடவுளோடு பேசி என்ன அறிவு வந்தது என்று கேட்டவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். கோயிலுக்குப் போகிறவர்கள், பூசைக்குப் போகிறவர்கள், தொழுகைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கடவுளோடு பேசுகிறோம் என்கிறார்கள், சரி, இத்தனை வருஷம் பேசி இவர்களுக்கு என்ன அறிவு வந்தது, கூடப்பிறந்தவர்களோடு சண்டை போடாமல் இருக்கவாவது கற்றுக்கொண்டார்களா என்று கேட்டிருந்தார். கடுமையான கேள்விதான், ஆனால் நியாயமான கேள்வி. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்படி அலமாரியில் செருகி வைத்துக்கொண்டு நாலு நாள் யோசித்தேன். மற்ற மதத்தாருக்காக நான் பேச முடியாது. நான் கிறிஸ்தவள், கத்தோலிக்கக் குடும்பம், ஊர் பாம்பன். எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது. இடம் இல்லையென்று வெட்டுவதானால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், என் தங்கையைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் கேட்டதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு 56 வயது. படித்தது 8ஆம் வகுப்பு வரை. 12 வயதிலிருந்து கடலில் முங்கிப் பாசி எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன், அதுவும் 20 வருஷத்துக்கு மேலாகிறது. அதனால் வேதாகமமும் புனிதர்கள் வரலாறும் கொஞ்சம் படித்திருக்கிறேன். பாசி எடுப்பது என்றால் உள்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாது. விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டி, கண்ணாடி மாட்டி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு முங்கி, பாறையில் இருக்கிற பாசியைக் கிள்ளி இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடவேண்டும். ஒரு மூச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போகவேண்டும். நாலைந்து மணி நேரம் இப்படியே போகும். கரைக்கு வந்தால் விரல்நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும், துணி சுற்றியிருந்தாலும் பாறை கீறிய இடத்தில் உப்பு எரியும்.

இந்தத் தொழிலை அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அவள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை, கூடவே கூட்டிக்கொண்டு போனாள், அவ்வளவுதான். முதல் ஒரு மாசம் அவள் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மிதந்தேன். அவள் பாசி பறிக்கும்போது அடிவேரைப் பாறையிலேயே விட்டுவிட்டு மேல்பாகத்தை மட்டும் கிள்ளுவாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு நாள் நான் அவசரத்தில் ஒரு கொத்தை அடியோடு பிடுங்கினேன். தண்ணீருக்குள்ளேயே என் புறங்கையில் லேசாகத் தட்டினாள். வலிக்கவே இல்லை, ஆனால் இன்றைக்கும் அந்தத் தட்டு என் கையில் இருக்கிறது. மறு வருஷம் அதே பாறைக்குப் போனபோது அவள் கிள்ளிய இடமெல்லாம் தழைத்திருந்தது, நான் பிடுங்கிய இடம் மொட்டையாகக் கிடந்தது. அப்புறம், தண்ணீர் எப்போது கலங்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும், எப்போது பேசாமல் படகில் ஏறிவிடவேண்டும் என்பதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வந்தது. இப்போது என்னிடம் ஒரு சின்னப் பெண் வந்து கேட்டால் வாயால் சொல்லத் தெரியாது. என் கூட வா என்றுதான் சொல்வேன்.

கடவுளிடமிருந்து வருகிற ஞானமும் இந்த மாதிரிதான் என்று நான் நம்புகிறேன். கூட இருந்து வருகிறது. ஆண்டவருக்கு அஞ்சுவதே ஞானத்தின் தொடக்கம் என்று நீதிமொழிகள் நூல் முதல் அதிகாரத்திலேயே சொல்கிறது. இதைக் கேட்டதும் மறைக்கல்விப் பிள்ளைகள் போலீஸ்காரரைப் பார்த்துப் பயப்படுவது மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அம்மா என் கையைத் தட்டியபிறகு எனக்கு வந்த பயத்தைத்தான் அவர்களுக்குச் சொல்வேன். அடிப்பாளோ என்ற பயம் இல்லை அது, அவள் மனசு நோகும்படி ஒன்றும் செய்துவிடக்கூடாதே என்கிற பயம். இன்னொரு விஷயமும் தியானத்துக்கு வந்த ஒரு சாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பழைய ஏற்பாட்டு எபிரேய மொழியில் கடவுளை அறிவது என்பதற்கும், ஆதாம் ஏவாளை அறிந்தான் என்று கணவன் மனைவி உறவைச் சொல்வதற்கும் ஒரே சொல்தானாம். ஒருத்தரோடு வாழ்ந்து அறிகிற அறிவு அது.

பழைய ஏற்பாட்டில் வருகிற சாலமோன் ராஜா கதை எல்லாருக்கும் தெரியும். கிபயோன் என்ற ஊரில் கனவிலே கடவுள் வந்து என்ன வேண்டும் கேள் என்கிறார். நீண்ட ஆயுளோ செல்வமோ எதிரிகளின் உயிரோ கேட்காமல் மக்களுக்கு நீதி வழங்க ஞானமுள்ள இதயம் கேட்டான் என்று படிக்கிறோம். மூலத்தில் அது "கேட்கிற இதயம்", காதுகொடுத்துக் கேட்கிற இதயம். இது தெரிந்த நாளிலிருந்து அந்த அதிகாரம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. அடுத்த பத்தியிலேயே இரண்டு பெண்கள் ஒரே குழந்தையை என் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள் பாருங்கள், ஆளுக்குப் பாதியாக வெட்ட வாளைக் கொண்டுவா என்று சொல்லிவிட்டு அவன் காத்திருந்தது எந்தச் சட்டத்துக்காகவும் இல்லை, ஒரு தாயின் வயிறு எப்போது பதறும் என்று கேட்பதற்காக. ஆனால் அதே சாலமோன் வயதான காலத்தில் என்ன ஆனான்? 700 மனைவிகள், 300 வைப்பாட்டிகள், இதயம் ஆண்டவரை விட்டு விலகிப்போயிற்று என்று அரசர்கள் முதல் நூல் 11ஆம் அதிகாரம் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அவ்வளவு ஞானத்தை வாங்கியவன், கொடுத்தவரோடு இருந்த உறவை விட்டதும் அந்த ஞானம் கூட நிற்கவில்லை. பேங்கில் போட்டு வைத்து வேண்டும்போது எடுக்கிற பணம் மாதிரி ஞானத்தைச் சேர்த்து வைக்க முடியாது. தினமும் முங்கினால்தான் அன்றைக்குப் பாசி.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நகையை அடகு வைத்து என் மகளைப் படிக்க வைத்தவள் நான். திருச்சபையின் பெரிய மேதை தாமஸ் அக்குவினாஸ் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தவர், 1273 டிசம்பரில் ஒரு நாள் பூசை வைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஏதோ ஒன்று நேர்ந்தது, அதோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தான் கண்டதோடு ஒப்பிட்டால் எழுதியதெல்லாம் வைக்கோல் மாதிரி இருக்கிறது என்றாராம். அவர் எழுதியதை யாரும் வைக்கோல் என்று தூக்கிப் போடவில்லை, இன்றைக்கும் குருமடங்களில் படிக்கிறார்கள். ஆனால் எதோடு ஒப்பிட்டுச் சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் அம்மா தனுஷ்கோடிக்காரி. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அவளுடைய அப்பாவும் தம்பியும் போய்விட்டார்கள். அவளுக்கு அப்போது 16 வயது. இன்றைக்குச் சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்களே, கூரையில்லாமல் நிற்கிற அந்தக் கோயில் சுவர், அதற்குள்தான் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவளை ஒரு தடவை கேட்டேன், ஏன் இப்படி நடந்தது என்று கடவுளிடம் கேட்டாயா என்று. "கேட்காம இருப்பேனா, அம்பது வருஷமா கேக்குறேன். பதில் வரலை. ஆனா அவரு எந்திரிச்சுப் போகலை, கூடவே உக்காந்திருக்காரு" என்றாள். வேதாகமத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவிக்கிற யோபுவின் புத்தகம் உண்டு, அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருப்பது இதேதான். யோபுவின் கூட்டாளிகள் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளைப் பற்றிப் பேசுகிறார்கள், நன்றாகவும் பேசுகிறார்கள், ஆனால் கடைசிவரை ஒருத்தன்கூடக் கடவுளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. யோபு மட்டும்தான் சண்டை போட்டாவது அவரிடமே பேசுகிறான். கடைசியில் கடவுள் வந்து எதற்கும் காரணம் சொல்லவில்லை. கடலைக் கதவு போட்டு அடைத்தது யார், இதுவரைக்கும் வா, இதைத் தாண்டாதே என்று அலைக்குச் சொன்னது யார் என்று திருப்பிக் கேட்கிறார். தனுஷ்கோடிக்காரிக்கு இந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், கடல் தாண்டி வந்த இரவைப் பார்த்தவள் அவள். யோபு சொல்கிற பதில், இதுவரை உம்மைப் பற்றிக் காதால்தான் கேட்டிருந்தேன், இப்போது என் கண்ணே உம்மைக் காண்கிறது என்பது. காரணம் தெரிந்துவிட்டது என்று அவன் சொல்லவே இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். ரொம்ப வருஷம் என் செபம் கடைக்குப் போகிறவள் கையில் இருக்கிற சீட்டு மாதிரி இருந்தது. வீட்டுக்காரருக்கு உடம்பு, மகளுக்கு வேலை, மகனுக்குக் குடியை விடவேண்டும், குழுக் கடன் கட்டவேண்டும், ஆமென். கேட்பது தப்பு என்று சொல்லமாட்டேன், கேளுங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். ஆனால் நான் பேசி முடித்ததும் எழுந்து போய்விடுவேன். அவர் ஏதாவது சொல்ல நினைத்திருந்தால்கூட நான் அங்கே இல்லை. இது எனக்கு உறைத்தது ஒரு சின்ன விஷயத்தில்தான். மகள் வேலைக்குப் போன ஊரிலிருந்து போன் பண்ணி, பணம் வேண்டும், துணி வேண்டும், குழம்புக்கு என்ன மசாலா போடவேண்டும் என்று கேட்டுவிட்டுச் சட்டென்று வைத்துவிடுவாள். ஒரு நாள் வைக்காமல், "சும்மாதாம்மா பண்ணேன், நீ ஏதாவது பேசு" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்றைக்கு ராத்திரி செபமாலை சொல்லி முடித்தபிறகு முதல் தடவையாக எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து காலையில் 4 மணிக்கு வாசல் கூட்டி முடித்ததும் பின்வாசல் படியில் அரை மணி நேரம் உட்காருவேன். விடிவதற்கு முன்னே இயேசு எழுந்து தனியான இடத்துக்குப் போய் செபம் பண்ணினார் என்று மாற்கு எழுதியிருக்கிறார், அதற்கு முந்தின நாள் ராத்திரிதான் ஊர் முழுக்க நோயாளிகளைக் கொண்டுவந்து வாசலில் குவித்திருந்தது, அந்த அலுப்போடு எழுந்து போயிருக்கிறார். நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஒரு வசனம் எடுத்துக்கொள்வேன், ஆண்டவரே இருக்கிறேன் என்பேன், அப்புறம் கடல் சத்தம்தான். பல நாள் தூங்கிவிடுவேன். முதலில் அதற்கு வருத்தப்பட்டேன், பிறகு லிசியே ஊர் குழந்தை தெரசாளும் செபத்தில் தூங்கியிருக்கிறாள் என்று படித்தேன். தூங்குகிற பிள்ளையையும் விழித்திருக்கிற பிள்ளையையும் பெற்றவர்கள் ஒரே மாதிரிதானே நேசிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாள். 1897இல் 24 வயதில் காசநோயில் இறந்துபோன கன்னியாஸ்திரீ, பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவள். 1997இல் போப் இரண்டாம் ஜான்பால் அவளைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார், அக்குவினாஸ் இருக்கிற அதே வரிசையில். எங்கள் வீட்டு அடுப்படியில் மாட்டியிருக்கிற அவள் படம் புகை படிந்து முகமே பாதி தெரியாது. அன்றைக்கு அதை இறக்கித் துடைத்தேன்.

என் தங்கை வீடு தங்கச்சிமடத்தில் இருக்கிறது. பஸ் ஏறினால் பத்து நிமிஷத்தில் போய்விடலாம். ஏழு வருஷம் நாங்கள் பேசவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் நான்தான் பார்த்தேன், பீ மூத்திரம் அள்ளினேன், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தேன். அவள் வந்து பார்த்துவிட்டுப் போவாள். அம்மா போனபிறகு அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியில் பாதி வேண்டும் என்றாள். நான் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். சங்கிலி என்னிடமே இருந்தது. நான் செய்தது நியாயம் என்று ஊரே சொன்னது. அந்தப் பின்வாசல் படியிலும் நான் ஆண்டவரிடம் சொன்னது, அவளுக்குப் புத்தி கொடும் என்பதுதான். மாசக்கணக்கில் அதையே சொன்னேன்.

ஒரு நாள் காலை கூட்டி முடித்து உட்கார்ந்தபோது, விளக்குமாற்றிலிருந்து உடைந்த ஒரு ஈர்க்குச்சி படியில் கிடந்தது. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். அதை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தேன். திடீரென்று என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள் ஞாபகத்துக்கு வந்தது. கோயில் நிறைய சொந்தக்காரர்கள், எல்லாரும் போட்டதும் பூட்டியதுமாக இருந்தார்கள். என் தங்கை இரண்டாவது வரிசையில் முந்தானையைக் காதோடு இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். காற்றில் முந்தானை நகர்ந்தபோது பார்த்தேன், காதில் ஈர்க்குச்சி. ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்கச் செருகியிருந்தாள். அவளுடைய அரைப்பவுன் கம்மல் என்னாலே போனது. அதற்கு முந்தின வருஷம் வீட்டுக்காரர் படகில் விழுந்து தொடை எலும்பு முறிந்து மதுரையில் 20 நாள் கிடந்தார், அப்போது நான் வாய் திறந்து கேட்கக்கூட இல்லை, அவளே காதிலிருந்து கழற்றி என் கையில் வைத்தாள். என் சங்கிலியோடு சேர்த்து அடகு வைத்தேன். என் சங்கிலியை மீட்டேன். கம்மலை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன், வட்டி ஏறி ஏலத்துக்குப் போய்விட்டது. அவள் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, சங்கிலிச் சண்டையில்கூட அவள் அதை எடுத்துப் பேசவில்லை.

எனக்குத் தெரியாத புதுச் செய்தி ஒன்றும் அன்றைக்கு வரவில்லை. காதில் குரல் கேட்கவில்லை, வெளிச்சம் தெரியவில்லை. எல்லாம் எனக்கே தெரிந்த விஷயம், நானே மூடி வைத்த விஷயம். வருஷாவருஷம் தவக்காலத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுகிறவள், அதில்கூட இதைச் சொன்னதில்லை, மறைக்கவேண்டும் என்று மறைத்ததில்லை, அது பாவமாகவே என் கண்ணில் படவில்லை. நான் அவளுக்குப் புத்தி கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் எனக்குக் கொடுத்தார். அதுவும் எப்படிக் கொடுத்தார் என்றால், அம்மா தண்ணீருக்குள் புறங்கையில் தட்டினாளே, அப்படி. வெட்கமாக இருந்தது, அழுதேன், ஆனால் விரட்டப்பட்ட மாதிரி இல்லை.

யோவான் நற்செய்தியில் ஒரு இடம் உண்டு, கடற்கரைக்காரர்களுக்கு அது நன்றாகப் புரியும். இயேசுவின் சீடர் பேதுரு அவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தது ஒரு கரி நெருப்புப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. உயிர்த்தெழுந்த இயேசு, ராத்திரி முழுக்க வலை போட்டு வெறும் படகோடு வருகிறவர்களுக்காகக் கரையில் மூட்டி வைத்திருப்பதும் கரி நெருப்புதான். யோவான் இரண்டு இடத்திலும் அதைச் சொல்லாமல் விடவில்லை. அதே புகை வாசனை பேதுருவின் மூக்கில் ஏறியிருக்கும். 153 பெரிய மீன் அகப்படுகிறது, முதலில் வந்து சாப்பிடுங்கள் என்கிறார், மீனும் அப்பமும் கொடுக்கிறார். சாப்பிட்டபிறகுதான் என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார், மறுதலித்த கணக்குக்கு மூன்று தடவை. என்ன தப்பு பண்ணினாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்த ஈர்க்குச்சிதான் எனக்குக் கரி நெருப்பு.

அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. சங்கிலியை ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் வாசலில் உட்கார்ந்து கணவாய் வெட்டிக்கொண்டிருந்தாள், கை முழங்கை வரை கறுப்பு மை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எதுக்கு இப்ப வந்த?" என்றாள். வழியெல்லாம் பேச நினைத்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "உன் கம்மலுக்குப் பதில் சொல்ல வந்தேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கத்தியைப் பிடித்தபடியே இருந்தாள். துணியை அவிழ்த்து நீட்டினேன். கையை முட்டிச் சேலையில் துடைத்துப் பார்த்தாள், மை போகவில்லை. "கை அழுக்கு. உள்ள சுரூபம் கிட்ட வை" என்றாள். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்து கணவாய்க்குத் தோல் உரித்துக் கொடுத்தேன். இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். முடிகிறவரை ஒருத்தியும் பேசவில்லை. கிளம்பும்போது ஒரு தூக்கில் கணவாயைப் போட்டுக் கொடுத்தாள்.

இதற்கு மேல் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தப்பாகப் போய்விடும். ஆண்டவர் என்னோடு பேசினார் என்று சொல்லிக்கொண்டு ஊரைக் கெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், வெளியூரிலிருந்து செபக்கூட்டத்துக்கு வந்த ஒருவர், மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு, உனக்குச் சுகமாகிவிட்டது என்று ஆண்டவர் எனக்குச் சொல்கிறார் என்று சொல்லிவிட்டார். அந்த அக்கா நிறுத்திவிட்டது. கால் புண்ணாகி இரண்டு விரலை எடுக்கவேண்டி வந்தது. இப்போதும் அந்த அக்கா நொண்டி நொண்டிப் பூசைக்கு வரும்போது எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் வேதாகமத்தில் சீராக் நூல் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவருக்கு மரியாதை செய், மருந்துகளை மண்ணிலிருந்து படைத்தது ஆண்டவர், அறிவுள்ளவன் அதைத் தள்ளமாட்டான் என்று இருக்கிறது. கடவுளோடு நெருக்கமாக இருப்பதாகச் சொல்கிறவர் அவர் எழுதி வைத்ததைப் படிக்கவேண்டாமா?

அப்படியானால் உள்ளே வருகிற ஒரு யோசனை அவருடையதா, நம்முடைய ஆசையா என்று எப்படித் தெரியும்? இதற்கு எங்கள் கரைக்குப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. லயோலா இஞ்ஞாசியார் ஒரு போர்வீரர். 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை உடைத்தது. மாசக்கணக்கில் படுக்கை. பெரிய பிரபு வீட்டுப் பெண்ணுக்காக வீரச்செயல் பண்ணுவதாகக் கனவு காண்பார், இயேசுவுக்காகப் புனிதர்கள் மாதிரி வாழ்வதாகவும் கனவு காண்பார், நினைக்கிற நேரத்தில் இரண்டும் இனிப்பாகத்தான் இருந்தன. முதல் கனவு கலைந்தபிறகு மனசு வறண்டு போயிற்று, இரண்டாவது கலைந்தபிறகும் நிறைவு தங்கியிருந்தது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் அவர் பின்னால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த தெளிவின் ஆரம்பம். அவரோடு சேர்ந்து சேசு சபையைத் தொடங்கிய கூட்டாளி பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். அதே சபையின் அந்தோணி கிரிமினாலி 1549இல் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் கொல்லப்பட்டார். அந்த வழியாக வந்த பழக்கம்தான், ராத்திரி படுக்குமுன் அன்றைய நாளைக் கடவுள் முன்னால் ஓட்டிப் பார்ப்பது. நான் இதை என் தங்கை விஷயத்தில் வைத்துப் பார்த்தேன். நான் செய்ததுதான் நியாயம் என்று செபம் பண்ணிய நாளெல்லாம் எழுந்து வரும்போது நெஞ்சில் ஒரு கடுப்பு இருந்தது. சங்கிலியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று கழுத்து வெறுமையாக இருந்தது, தூக்கம் வந்தது. மேலிருந்து வருகிற ஞானம் தூய்மையானது, சமாதானத்தை நாடுவது, பொறுமையும் இணக்கமும் இரக்கமும் உள்ளது என்று யாக்கோபு எழுதியிருப்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அக்காவின் விரல் போன யோசனை இதில் எதற்காவது பொருந்துகிறதா?

இன்னொன்று, இந்த ஞானம் பிழைக்கத் தெரிந்த புத்திசாலித்தனமும் இல்லை. ஜான் டி பிரிட்டோ என்கிற ஓரியூர் அருளானந்தர் சாமியாரைப் பாருங்கள். லிஸ்பனில் பிறந்து அரண்மனையில் வளர்ந்தவர், போர்த்துக்கல் ராஜா சின்ன வயசுத் தோழர். 1686இல் இந்தச் சேதுபதிச் சீமையில் பிடிபட்டு அடியும் உதையும் பட்டுத் தப்பியவர், ஊருக்குத் திரும்பிப் போனபோது ராஜாவே இங்கேயே இரும் என்றார். புத்திசாலி அங்கேயே இருந்திருப்பார். அவர் 1690இல் திரும்பி வந்தார், 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். வெட்டுப்படுவதற்கு முன் சிறையிலிருந்து கரியைத் தண்ணீரில் குழைத்துக் கடிதம் எழுதினார் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செம்மண்ணை எல்லா மதத்துக்காரர்களும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு டப்பாவில் இருக்கிறது. யாரை நம்பித் திரும்பி வந்தாரோ அவரை அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்கு அது போதும்.

கடிதம் எழுதிய ஐயாவுக்கு: நீங்கள் சொன்னது மாதிரி ஏழு வருஷம் பூசைக்கும் போய், கூடப்பிறந்தவளோடும் பேசாமல் இருந்தவள் நான். உங்கள் கேள்வி என்னைப் போன்றவர்களைப் பார்த்துத்தான், அதை நான் மறுக்கவில்லை. கடவுளிடம் பேசிக்கொண்டே இருந்தேன், கூட இருக்கவில்லை. நான் இப்போது எல்லாம் தெரிந்தவளாகிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. மகன் குடி இன்னும் நிற்கவில்லை, அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதையும் அந்தப் படியில்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தங்கையும் நானும் முன்னே மாதிரி சரளமாகப் பேசுவதில்லை. போன் பண்ணினால் எடுக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், வைத்துவிடுகிறாள்.

இந்த வருஷம் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் பேர் கொடுக்கச் சொன்னபோது, அவளுக்கும் சேர்த்துக் கொடுக்கட்டுமா என்று போனில் கேட்டேன். சின்ன வயசில் அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஒரே படகில் அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், பிரசங்கம் முடியுமுன்னே நாங்கள் மணலில் தூங்கிவிட்டோம். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். நேற்று சாயங்காலம் அவள் மகன் சைக்கிளில் வந்தான். ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டி, அம்மா கொடுக்கச் சொன்னாங்க பெரியம்மா என்றான். உள்ளே ஆதார் நகல் இரண்டும் போட்டோ இரண்டும் இருந்தன. போட்டோ புதுசாக எடுத்தது. காதில் ஒரு சின்னக் கம்மல் தெரிகிறது.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு வாசகி